மீன்களும் விலக்கி வைத்த கஸ்பார்

முத்தன்பாட்டில் ஒரு ஆளை ஊர்விலக்கு வைத்தால் மனிதர்கள்தான் அவனோடு பேச மாட்டார்கள். மீன்களும் சேர்ந்துகொண்டு முகத்தைத் திருப்பியது கஸ்பார் விஷயத்தில்தான் முதல் தடவை.

அவனுடைய வள்ளம் கரையை விட்டுக் கிளம்பி, எஞ்சின் நாலு தடவை இருமினால் போதும். மேய்ந்துகொண்டிருக்கிற ஓரா, விளமீன், கிளிமீன் எல்லாம் மந்திரி கார் வருகிறபோது சாலையோரம் ஒதுங்குகிற ஜனம் மாதிரி இரண்டு பக்கமும் விலகி வழி விடும். தண்ணீர் தெளிந்திருக்கிற நாளில் கஸ்பார் குனிந்து பார்ப்பான். ஒதுங்கிய மீன்கள் வால் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். வலையில் நண்டு எப்போதாவது ஏறும், அதற்கு அவ்வளவு விவரம் போதாது. ஒரு தடவை நடுத்தரமான கலவா ஒன்று மாட்டியது. அவன் மனைவி செலஸ்டின் அதை அரிவாள்மனையில் வைத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பாவம், காது கேட்காத ஜென்மம் போலிருக்கிறது என்றாள். அன்றைக்குக் குழம்பு இரண்டு பேருக்கும் இறங்கவில்லை.

தொடக்கத்தில் எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்ததுதான். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

ஊருக்கு முன்னால் கடலுக்குள் கிடக்கிற பவளத் திட்டை ஊரார் பார் என்பார்கள். ஒரு காலத்தில் அதைச் சுண்ணாம்புக்கு வெட்டினார்கள். பிறகு விசைப்படகுகள் அதன் மேல் மடிவலையைப் போட்டு இழுத்தன. மிச்சமிருந்ததை வெயிலில் கொதித்த கடல்தண்ணீர் வெளுக்க வைத்தது. பார் செத்தது, மீன் போயிற்று. அப்போதுதான் டாக்டர் தாட்சாயணி வந்தார். ஊசி போடுகிற டாக்டர் அல்ல, கடலை ஆராய்கிற டாக்டர். அவருடைய ஆராய்ச்சி நிலையம், மீன் துறை, ஊர் ஆகிய மூன்றும் கூடி ஒரு கூட்டு மேலாண்மைக் குழு அமைத்தன. கூட்டத்தில் வைக்கிற சமோசா மூன்று தரப்புக்கும் பொது என்பதே அதன் முதல் தீர்மானம். ஊர் சார்பில் தலைவராக உட்கார்ந்தவன் ரெமிஜியுஸ். செலஸ்டினுக்குக் கூடப்பிறந்த அண்ணன், கஸ்பாருக்கு மச்சான். அவன் நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலியும் தலைவர் மாதிரி தெரியும்.

உயிரோடிருக்கிற பார் சும்மா இருப்பதில்லை என்றார் டாக்டர். இறால் சொடக்குப் போடும், கிளிமீன் பாறையை நறநறவென்று கடிக்கும், மொத்தத்தில் கடலுக்கடியில் யாரோ அப்பளம் பொரிக்கிற மாதிரி இருக்கும். அலைகிற மீன்குஞ்சுகள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் வீடு கண்டுபிடிக்கின்றன. எனவே சிமெண்டுக் கட்டிகளுக்குள் ஒலிபெருக்கியை வைத்துக் கடலில் இறக்கி, நல்ல பாரின் சத்தத்தைச் செத்த பாரில் போட்டார்கள். மீன் வந்தது. ஊரார் முங்கிப் போய்ப் பவளக் கிளைகளைக் கட்டிகளில் கட்டிவிட்டு வந்தார்கள், அதுவும் பிடித்துக்கொண்டது. மீன் வந்த செய்தி விசைப்படகுகளுக்கு எட்டியது, அவையும் வந்தன.

டாக்டர் அடுத்த வேலையைச் செய்தார். விசைப்படகின் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டு, அது முடிகிற இடத்தில் சீலா மீன் பாய்ந்து ஒன்றைக் கடித்துக் கிழிக்கிற சத்தத்தை வைத்தார். ஒரு வாரத்தில் மீன்கள் பாடத்தைப் படித்துவிட்டன. படித்த மீன் ஓடுவதைப் பார்த்துப் படிக்காத மீன் ஓடியது, தாய் ஓடுவதைப் பார்த்துக் குஞ்சு ஓடியது. விசைப்படகுகள் வெறும் சேற்றை அள்ளிக்கொண்டு திரும்பிப் போயின. முத்தன்பாட்டில் வெடி வெடித்துக் கொண்டாடினார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

முத்தன்பாட்டில் எந்த வீட்டுப் பெண்ணும் கடலைப் பார்த்து வள்ளத்தை அடையாளம் சொல்வதில்லை, காதால்தான் சொல்வாள். ஒவ்வொரு எஞ்சினும் ஒவ்வொரு விதமாக இருமும். அந்த இருமல் கேட்டதும் உலையில் அரிசி போடுவாள். இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஊர் என்பதால் ரெமிஜியுசுக்கு அந்த யோசனை வந்தது. ஒரு கூட்டத்தில் சமோசாவைப் பிட்டுக்கொண்டே, ஒரே ஒரு வள்ளத்தின் சத்தத்தை மட்டும் தனியாகச் சொல்லிக் கொடுத்தால் மீன் படிக்குமா என்று கேட்டான். டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் குழுவிலிருந்து வந்த முதல் ஆராய்ச்சிக் கேள்வி அது. நன்றாகப் படிக்கும் என்றார். எதற்குக் கேட்கிறீர்கள் என்றதற்கு, சும்மாதான் என்றான் ரெமிஜியுஸ்.

பாரின் நடுப்பகுதியில் யாரும் வலை வைக்கக் கூடாதென்பது ஊர்க் கட்டுப்பாடு. கஸ்பார் அங்கே சுருக்குமடி போட்டான். அதை அவன் மறுக்கவில்லை. அதற்கு முந்தின வாரம் ரெமிஜியுசும் அதே இடத்தில் அதே மடியைப் போட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாக ஊர்க்கூட்டத்தில் சொன்னான். வேறு யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. ஊரில் அத்தனை பேருக்கும் அந்த ஒரு வாரம் கண்வலி.

தீர்ப்பு வழக்கமானதுதான். ஊர்க்கோயில் புனிதர் இராயப்பரின் இந்தத் திருநாளிலிருந்து அடுத்த திருநாள் வரைக்கும் கஸ்பாரோடு யாரும் பேசக் கூடாது, ஐஸ் விற்கக் கூடாது, அவன் வள்ளத்தைக் கரையேற்றத் தோள் கொடுக்கக் கூடாது. ரெமிஜியுஸ் எழுந்து ஒன்றைச் சேர்த்தான்.

“நாம பேசாம இருந்தா இவருக்கு என்னவே? பிடிச்ச மீனைக் கொண்டுபோய் அடுத்த ஊருல போட்டுட்டுச் சிரிப்பாரு. மீனும் பேசாம இருக்கணும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். மீன் துறைக்காரர்கள் அன்றைக்கு வேறு வேலையாக வந்திருந்ததால் கேட்காதது போல் எழுந்து போனார்கள். அன்றைக்கே கஸ்பாருடைய எஞ்சினின் இருமல் ஒலிபெருக்கியில் ஏறியது.

அந்த ஒரு வருடம் கஸ்பார் பேசியது மனைவியோடும், கடலில் போகிறபோது கெட்ட வார்த்தையில் மீன்களோடும்தான். கோயிலில் செலஸ்டின் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பூசையில் பக்கத்திலிருப்பவருக்குக் கை கொடுத்துச் சமாதானம் சொல்லிக்கொள்கிற நேரத்தில் அவள் தூணுக்குக் கை கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த திருநாள் வந்தது. கொடியேறியதும் விலக்கு முடிந்தது என்று மைக்கில் அறிவித்தார்கள். கஸ்பார் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் நின்றான். ஊரார் அவனைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவ்வளவுதான். வருடம் முழுக்கப் பேசாத ஆளிடம் என்னத்தைத் தொடங்குவது என்று யாருக்கும் பிடிபடவில்லை, தொடங்க ஆசையும் இல்லை. பேசாமலிருப்பது கட்டுப்பாடாக இருந்தது போய்ப் பழக்கமாக நின்றுவிட்டது.

மீன்களும் அப்படியே. திருநாளுக்குப் பிறகும் வழி விட்டு ஒதுங்கின. ஒன்று மட்டும் புதிதாகத் தெரிந்தது. அவன் எந்தத் திசையில் போனாலும் மற்ற வள்ளங்கள் இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம் தள்ளிச் சத்தமில்லாமல் வந்து நின்றன. முதலில் கஸ்பார் நெகிழ்ந்து போனான். பேசக் கூச்சப்பட்டாலும் துணைக்கு வருகிறார்கள் என்று நினைத்து, தூரத்திலிருந்து கையை அசைக்கக்கூடச் செய்தான். அவர்கள் வலை இழுக்கிற மும்முரத்தில் இருந்தார்கள். இவனுக்குப் பயந்து இரண்டு பக்கமும் ஓடுகிற மீன் நேராக அவர்கள் வலையில் போய் ஏறியது. விசைப்படகு வைத்துத் துரத்தினால்கூட அப்படி வராது.

அது புரிந்த அன்றைக்கு அவன் எஞ்சினையே கழற்றி விற்றுவிட்டுக் கொல்லம் பக்கம் போய் வேறொரு பழைய எஞ்சினை வாங்கி வந்தான். அது இருமவில்லை, ஏப்பம் விட்டது. மீன்களுக்கு ஆள் தெரியவில்லை. முதல் வாரம் வள்ளம் தாழ்கிற அளவுக்கு விளமீன். கஸ்பாருக்கே பயமாக இருந்ததென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் மறுபடியும் மந்திரி கார்.

அவன் நேராக டாக்டரின் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனான். அவர் தொட்டியில் பவளக் கிளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். இந்த எஞ்சின் வாங்கியே கொஞ்ச நாள்தான் ஆகிறது, இதை மீன் எப்படிப் படித்தது என்று கேட்டான்.

“அதுவா படிக்காது அண்ணாச்சி. யாராவது சொல்லிக் கொடுத்தாத்தான் படிக்கும்.”

“பழசையும் மறக்கலியே. வெலக்கு முடிஞ்சு எத்தனை மாசமாச்சு?”

“ஒரு பருவம் சும்மா விட்டா மறந்துடும். நம்மள மாதிரி இல்ல, மீன் பெருந்தன்மையானது. யாரோ திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்தறாங்க.”

“யாரு? நீங்களா?”

“நான் அந்த ஒலிபெருக்கிப் பெட்டியைக் குழுகிட்ட ஒப்படைச்சு ரொம்ப நாளாச்சு. கடல் உங்களோடது, நிர்வாகமும் உங்களோடதா இருக்கணும்னு நான்தான் அடம்பிடிச்சு வாங்கிக் கொடுத்தேன். எந்தச் சத்தத்தையும் போன்லயே ஏத்திடலாம்.” அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “இருங்க. நாமளே கேட்டுடுவோம்.”

கடலுக்கடியில் ஒரு காதும் வைத்திருந்தார்கள். பாரின் சத்தம் அதன் வழியாகக் கூடத்துக்கு வந்தது. டாக்டர் காதில் மாட்டுகிற கருவியை அவனிடம் கொடுத்தார். கஸ்பார் மாட்டிக்கொண்டான். அப்பளம் பொரிந்தது. இறால் சொடக்கியது. பிறகு தூரத்திலிருந்து ஒரு எஞ்சின் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தது. அது அவனுடையது. சன்னல் வழியாகப் பார்த்தான். அவனுடைய வள்ளம் கரை மணலில் சாய்ந்து கிடந்தது, அதன் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. காதுக்குள்ளோ அது பாரின் மேல் ஓடியது. சத்தம் நெருங்கி வந்து உச்சத்துக்குப் போன இடத்தில், எதுவோ பாய்ந்து எதையோ கிழித்தது. கஸ்பாரே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

“பாத்தீங்களா,” என்றார் டாக்டர், “உங்களுக்கே ஓடணும்போல இருக்கு.”

இதை நிறுத்துங்கள் என்று அவன் கேட்டான். குழுத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள் என்றார் அவர். குழுத் தலைவர் யாரென்று இரண்டு பேருக்கும் தெரியும். டாக்டர் தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். பவளம் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை என்பது முதுகிலேயே தெரிந்தது.

வீட்டில் போய்ச் சொன்னதும், எங்க அண்ணன் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்றாள் செலஸ்டின். சொல்லிவிட்டு அடுப்பை ஊதக் குனிந்தாள். அப்போது கடல் பக்கமிருந்து ரெமிஜியுஸ் வள்ளத்தின் இருமல் வந்தது. மீன் பாரத்தோடு வருகிற கனத்த இருமல். அவள் கஸ்பாரின் போனை எடுத்துச் சன்னலில் வைத்துச் சத்தத்தைப் பிடித்தாள்.

“தூணுக்குக் கை குடுத்துக் குடுத்து என் கை தேஞ்சு போச்சு,” என்றாள். “அந்தப் பெட்டிய இப்பப் போன்ல தெறங்க.”

ரகசிய எண் தெரியாதே என்றான் கஸ்பார். அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு இராயப்பர் திருநாள் தேதியைப் போட்டாள். பெட்டி திறந்தது. முத்தன்பாட்டில் பிறந்தவர்களுக்கு வேறு எண் தோன்றாது. வீட்டுப் பூட்டு, வங்கி அட்டை, எல்லாவற்றுக்கும் அதுதான். ஊரில் திருட்டு இல்லாததற்கு இராயப்பரின் காவல்தான் காரணம் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள்.

ஒரு வாரத்தில் ரெமிஜியுசின் வலை வெறுமையாக வந்தது. அவன் கஸ்பாரைச் சந்தேகப்படவே இல்லை. ஊரில் யாரும் பேசாத ஆளுக்கு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை என்பது அவன் கணக்கு. அவன் பக்கத்து வீட்டுத் தொம்மையைச் சந்தேகப்பட்டான். தொம்மையின் எஞ்சினைப் பெட்டியில் ஏற்றினான். தொம்மை தன் தம்பியைச் சந்தேகப்பட்டு அவன் சத்தத்தை ஏற்றினான். தம்பிக்கு அண்ணன் மேலே ஏற்கெனவே ஒரு கோபம் இருந்தது, ஆனால் அண்ணனின் சத்தம் முன்பே பெட்டிக்குள் இருந்தபடியால் சும்மா இருக்க முடியாமல் மைத்துனனின் சத்தத்தை ஏற்றினான். பெண்கள் சன்னல்தோறும் போனோடு நின்றார்கள். கடலிலிருந்து வருகிற ஒவ்வொரு இருமலுக்கும் கரையில் நாலு பேர் காத்திருந்தார்கள். எல்லாரும் எல்லாரோடும் சிரித்துப் பேசினார்கள், கஸ்பாரைத் தவிர. மழைக்காலம் தொடங்குவதற்குள் முத்தன்பாட்டில் மீன் பயப்படாத எஞ்சின் ஒன்றுகூட மிச்சமில்லை. கடைசியில் பங்குச் சாமியாரின் மோட்டார் சைக்கிள் கரையோரம் போனால்கூட மீன்கள் ஆழத்துக்கு ஓடின. அதை ஏற்றியது யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

பார் கொழுத்தது. யாரும் தொடாத பவளம் கிளை விட்டுக் கிளை விட்டுத் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தது. கரையோரம் கடற்புல் மண்டி, அதை மேய ஆவுளியா என்கிற கடற்பசு வந்து குட்டி போட்டது. கலவாக்கள் சின்ன ஆட்டுக்குட்டி அளவுக்கு வளர்ந்து, படகுத்துறைக்கடியில் படுத்துக்கொண்டு, மேலே நிற்கிற ஊராரைக் கண்ணிமைக்காமல் பார்த்தன. மீனுக்கு இமை கிடையாதுதான், ஆனாலும் அந்தப் பார்வையில் வேண்டுமென்றே செய்கிற மாதிரி ஒன்று இருந்தது. டெல்லியிலிருந்து விருது வந்தது. மக்களும் அறிவியலும் கைகோத்தால் கடல் மீளும் என்பதற்கு முத்தன்பாடு சான்று என்று அதில் பொறித்திருந்தார்கள். வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் வந்து ஊராரின் ஒற்றுமையைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

வள்ளங்கள் கரையில் ஓலை மூடிக் கிடந்தன. இளவட்டங்கள் கேரளத் துறைமுகங்களுக்கு வேலைக்குப் போனார்கள். ரெமிஜியுசின் மகன் அங்கே ஐஸ் உடைத்தான். கஸ்பார் உப்பளத்தில் மூட்டை தூக்கினான், பக்கத்து வரிசையில் ரெமிஜியுசும் தூக்கினான். பேருந்து நிறுத்தத்துக் கடையில் எங்கேயோ பிடித்து உறைய வைத்த மீன் வந்தது. முத்தன்பாட்டுக்காரர்கள் பையை மறைத்துக்கொண்டு போய் அதை வாங்கினார்கள்.

கடைசியில் ஊர் கூடி, சத்தத்தை நிறுத்தச் சொல்லி மீன் துறைக்கு மனுப் போட்டது. துறைக்கு விருது பெற்ற பாரை விட மனமில்லை. ஆனாலும் கூட்டு மேலாண்மை ஒப்பந்தம் இருந்தது. ஊரில் ஒருவர்கூட விடுபடக் கூடாது என்று டாக்டர் தாட்சாயணி ஆசையாய்ச் சேர்த்த விதி அதில் இருந்தது. வள்ளம் வைத்திருக்கிற அத்தனை பேரும் அதிகாரி முன்னால் கை தூக்கினால், பெட்டியை ஒரு பருவம் மூடி வைக்கலாம். மீன்கள் மறந்துவிடும். ஒரு கை குறைந்தாலும் மூட முடியாது.

கஸ்பாரைக் கூட்டத்துக்குக் கூப்பிட ரெமிஜியுசே வந்தான். வாசலில் நின்றபடி, கூட்டம் இருக்கு, வாரும் என்று சொன்னான். விலக்குக்குப் பிறகு அவன் வாயிலிருந்து கஸ்பார் கேட்ட முதல் வார்த்தைகள் அவை.

கோயில் மைதானத்தில் அதிகாரி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் ஓரமாக நின்றார். சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் அதிகாரி. தொம்மை தூக்கினான், தொம்மையின் தம்பி தூக்கினான், ஊர் முழுக்கத் தூக்கியது. கஸ்பார் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எல்லார் முகமும் அவன் பக்கம் திரும்பியது. யாருக்கும் கண்வலி இல்லை.

“என்னவே, கையத் தூக்கும்,” என்றான் ரெமிஜியுஸ்.

“எதுக்கு மச்சான்?”

“எதுக்கா? உம்ம வள்ளத்துக்கும் சேத்துத்தானவே கேக்கோம். ஒமக்கு மீன் வேண்டாமா?”

“வேணும்.”

“அப்பத் தூக்கும். நான் செஞ்சது தப்புன்னு சொல்லணுமா? சரி, தப்பு. ஊரு முன்னால சொல்லிட்டேன். போதுமா?”

கஸ்பார் வானத்தைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான்.

“யோசிச்சுச் சொல்லுதேன் மச்சான்,” என்றான்.

அதிகாரி மைக்கை அணைத்துவிட்டுச் சந்தோஷமாக ஜீப்பில் ஏறிப் போனார்.

மறுநாள் விடிந்ததும் தொம்மை வந்தான், யோசித்துவிட்டீரா என்று கேட்டான். இன்னும் இல்லை என்றான் கஸ்பார். தொம்மை திட்டிவிட்டுப் போனான். அதற்கடுத்தாற்போல் தம்பி வந்தான். உப்பளத்தில் பத்து பேர் கேட்டார்கள். கோயிலில் செலஸ்டினின் பெஞ்சில் இடம் போதவில்லை. இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியும் உட்கார்ந்து, உன் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று பூசை முழுக்க அவள் காதைக் கடித்தார்கள். சிலர் கெஞ்சினார்கள், சிலர் அவன் பிறப்பைப் பற்றிச் சந்தேகம் எழுப்பினார்கள். ஒருவன் கல்லெறிந்தான், எறிந்துவிட்டு மாலையில் வந்து மறுபடியும் கேட்டான். கஸ்பார் எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொன்னான். மழை வந்து போனது, வெயில் வந்து போனது, இராயப்பர் திருநாள் வந்து போனது.

ஒரு நாள் செலஸ்டின் உறைந்த மீனைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

“அவன் தப்புன்னு ஒத்துக்கிட்டான். ஊரு முழுக்கக் கால்ல விழுது. புள்ளைங்க ஊரு ஊராப் போய்க் கெடக்கு. எங்கண்ணன் மகனுக்கு ஐஸ் ஒடைக்கும்போது ரெண்டு வெரலு போச்சு, தெரியுமா? நீங்களும் மூட்டை தூக்கி முதுகு வளஞ்சு போனிய. இன்னும் என்னத்த யோசிக்கிய?”

அந்த இரண்டு விரல் போன செய்தி கஸ்பாருக்குத் தெரியும். இரண்டு நாளாக அவனுக்குச் சோறு இறங்காததும் அதனால்தான்.

“நான் கையத் தூக்கிட்டேன்னு வையி,” என்றான். “மீன் வரும். எல்லாரும் கடலுக்குப் போவான். அதுக்கு மறுநாளு, என்கிட்ட வந்து என்னத்தக் கேப்பான்?”

வாசலில் நிழல் விழுந்தது. ரெமிஜியுஸ் நின்றுகொண்டிருந்தான். மூட்டை சுமந்து இடது தோள் இறங்கியிருந்தது. வழக்கமான கேள்வியை அவன் வழக்கமான கோபத்தோடு கேட்டான்.

“என்னவே மாப்ள, யோசிச்சீரா?”

கஸ்பார் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டான்.

“உக்காரும் மச்சான். இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு.”